அலெக்ஸ் குடுத்த புரோட்டீன் டின்னு

…இன்னும் ஒரு மாசம் கழிச்சி வாங்கன்னு சொல்லிட்டா அந்த டாக்டரம்மா. ஒரே பேச்சு. ஏன் தம்பி, ஆபரேசன்னு சொல்லி வரச்சொன்னது யாரு? நாங்களாவா வந்தோம்? பாயி, தலகாணி, பிளாஸ்க்கு, சொம்பு, அல்லாத்தையும் மூட்டை கட்டிக்கினு வந்தா, எடை மிஷின்ல ஏறச்சொல்லிட்டு, ‘போயிட்டு வாங்க’ன்னா? மூட்டையைப் பிரிக்கக்கூட இல்ல… கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பை மேல கையை வச்சிடாதீங்க, உள்ள டின்னு இருக்குது. காலி டின்னுதான். இருந்தாலும் நசுங்கக் கூடாது.

காதுல இருந்து ஒயரை எடுத்துட்டீங்களா? சரி. அது போட்டா காது கெட்டுடும். எனக்கு எடது காது மந்தம், ஒயரு போடாமலே. அதனால இந்தப் பக்கம் உக்காந்து பேசுறேன்.

தோ, முன்னால லேடீஸ் சீட்டுல, பச்சைப் பொடவை, ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சிக்கினு இருக்கா பாருங்க, அதான் என் வூட்டுக்காரி. லூர்துமேரி. பேச மாட்டா. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தே பேசல. பக்கத்துல எடம் இருக்குது வாடின்னேன், நேரா முன்னாடி போயி உக்காந்துட்டா. என் மேல கோவமாம். நா என்னா பண்ணேன்? அவ உசுரு நல்லா இருக்கணும்னு ஒரு மாசமா அலைஞ்சவன் நானு.

வயித்துல கட்டி அவளுக்கு. கர்ப்பப்பையில. மாசாமாசம் ரத்தம் போயிப் போயி ஆளு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துட்டா. தண்ணிக்கொடம் தூக்கினா மூச்சு வாங்குது, ரெண்டு எடத்துல எறக்கி வச்சிட்டு வர்றா. போன மாசம் டாக்டரம்மா பாத்துட்டு, ‘ரத்தம் கம்மி, சத்தே இல்ல, இந்த ஒடம்புல கத்தி வைக்க முடியாது. மாத்திரை தர்றேன். கூடவே புரோட்டீன் பவுடரு ஒண்ணு வாங்கிக் குடுங்க, தெனம் பாலுல கலந்து. எடை ஏறட்டும், ஆபரேசன் பண்ணிடலாம்’னு சொன்னா. மாத்திரை கவருமெண்டு. அதை ஒழுங்கா போட்டா, அதுல நா ஒண்ணும் சொல்லல. பவுடருலதான் பேஜாரு.

நாம வாங்கியிருந்தா பிரச்சினையே இல்ல. அதுக்குள்ள அவ தம்பி அலெக்ஸுக்கு யாரோ சொல்லிட்டாங்க. அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒடனே பாண்டிக்குப் போயி பெரிய மெடிக்கல்ல ஒரு டின்னு வாங்கி, பொண்டாட்டி வேணி கையில குடுத்து அனுப்பிட்டான். அவன் வர்ல. என் வாசப்படி மிதிக்க மாட்டான். வேணி வண்டியை ஆஃப் பண்ணாமலே டின்னை நீட்டிட்டு, ‘அண்ணா, அண்ணிக்குக் குடுங்க’ன்னுட்டு போயிடுச்சி. அதுதான் எனக்கு மொத சந்தேகம். நல்ல பொருளா இருந்தா உள்ள வந்து உக்காந்து குடுக்கலாமில்ல?

ஏன் மிதிக்க மாட்டான்னு கேக்குறீங்க. கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். எம் பொண்ணு கலைப்பிரியா மஞ்சத்தண்ணிக்குத் தாய்மாமன் சீரு எடுத்துக்கினு வந்தான். மேளம், பட்டாசு, தாம்பாளம் தாம்பாளமா. அதுல ஒரு மோதரம். கையில வாங்கினேன், லேசா இருந்துச்சி. பந்தி நடந்துக்கினு இருக்குது. நா சத்தமில்லாம சைக்கிளை எடுத்துக்கினு பஜாருக்குப் போயி, அடகுக் கடையில ஒரைச்சிப் பாத்துட்டு, சோறு ஆறறதுக்குள்ள வந்துட்டேன். வந்து மைக்கை வாங்கி நானே சொன்னேன், ‘மோதரம் நல்ல தங்கம்தான், விசாரிச்சிட்டேன், அல்லாரும் சந்தேகமில்லாம சாப்புடுங்க’ன்னு. அவன் மானத்தைக் காப்பாத்தினவன் நானு! அதுக்கு அவன் பாதி சோத்துல எலையை மூடிட்டு எழுந்து போறான். பொண்ணுக்குக் கல்யாணமாயி பேரப்புள்ள ஸ்கூலுக்குப் போவுது. இன்னும் அந்தக் கோவம் அவனுக்கு. நல்ல தங்கம்னு சொன்னதுக்குக் கோவப்பட்ட ஆளை நீங்க எங்கனா பாத்திருக்கீங்களா? எனக்கும் ரோசம் இருக்குது. நானும் பேசல.

சரி, டின்னுக்கு வர்றேன். நா சும்மா சந்தேகப்படுற ஆளு இல்ல. திண்டிவனத்துல ஒரம் கடையில மூட்டை தூக்கினவன். முப்பது வருசத்துக்கு மேல. போலி ஒரத்தைப் போட்டு, மல்லாட்டைச் செடி பூவோட கருகிப் போயி, கடை வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தினவங்களைப் பாத்திருக்கேன். சீலு இருக்கும், கம்பெனி படம் இருக்கும், மூட்டை அப்பிடியே ஒரிஜினல் மாதிரி இருக்கும். உள்ள செங்கல் தூளு. அதனால எனக்கு மேல எழுதியிருக்கறதைப் பாத்து எதையும் நம்புற பழக்கமில்ல. எழுத்தும் நமக்கு அவ்வளவா வராது, அது வேற.

பக்கத்து வூட்டுல கலையரசின்னு ஒரு பொண்ணு, பிரவுசிங் சென்டர்ல வேலை செய்யிது. அதுகிட்ட காட்டினேன். அது போனை வச்சிக்கினு, ‘பெரியப்பா, லைசென்சு நம்பரு சரியா இருக்குது, கம்பெனி பேரு வருது, தேதி தாண்டல, சீலு ஒடையல’ன்னு அடுக்குது. நா கேட்டேன், ஏம்மா, போலி பவுடரு செய்யத் தெரிஞ்சவனுக்கு நம்பரு அடிக்கத் தெரியாதான்னு. அப்புறம் டின்னு அடியில வெள்ளியா ஒரு பட்டை. சொரண்டினா உள்ள நம்பரு இருக்கும், அதை மெசேஜ் அனுப்பினா ஒரிஜினலா இல்லியான்னு கம்பெனிக்காரனே சொல்லிடுவானாம். ஒத்த ரூவா காசால சொரண்டினேன். அனுப்புச்சி. பதில் வந்துருச்சி. ‘ஒரிஜினல், நன்றி’ன்னு.

இங்கதான் தம்பி நீங்க கவனிக்கணும். ஒரு கொட்டாவி வுடுற நேரத்துல வந்துருச்சி. கொஞ்சமாவது யோசிக்க வேணாமா? ஒர்த்தன் எழுந்து கோடவுனுக்குப் போயி, எந்த டின்னு, எப்ப போட்டதுன்னு பாத்துட்டு வந்து சொல்ல வேணாமா? கேட்ட வாய் மூடறதுக்குள்ள நல்லதுன்னு சொல்றவனை நா எப்பிடி நம்புறது? சரின்னு மறுநாளு பக்கத்துத் தெரு ஜெயம் வூட்டுக்குப் போயி, அது போன்ல இருந்து அதே நம்பரை அனுப்பச் சொன்னேன். என்னா பதில் வந்துச்சி தெரியுமா? ‘இந்த நம்பரை ஏற்கெனவே சோதிச்சிட்டாங்க, ஜாக்கிரதை, போலியா இருக்கலாம்’னு!

பாத்தீங்களா? நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கி ஒரு பேச்சு. கலையரசி குதிக்குது, ‘ஐயோ பெரியப்பா, அது ஒரு தபாதான் பாக்கணும், மொத தபா பாத்ததே நீதான்’னு. என்னா ஞாயம் அது? உண்மைன்னா எத்தினி தபா கேட்டாலும் ஒரே பதில்தான வரணும்? எம் பேரைக் கேளுங்க. இருதயராஜ். நாளைக்குக் கேளுங்க. இருதயராஜ். ஜெயம் போன்ல இருந்து கேளுங்க. அப்பவும் இருதயராஜ்தான்.

அந்த ஞாயித்துக்கெழம கோயில்ல பூசை முடிஞ்சி அல்லாரும் நிக்கச்சொல்ல, பேச்சுவாக்குல சொல்லிட்டேன். அலெக்ஸ் கூடப்பொறந்த அக்காவுக்கே டூப்ளிகேட்டு குடுத்துட்டான்னு. பேச்சுவாக்குலதான். அது எப்பிடியோ ஊரு முழுக்கப் போயிடுச்சி.

லூர்து டின்னையே பாத்துக்கினு உக்காந்திருப்பா. ‘ஒரு ஸ்பூன் குடுய்யா, என் தம்பி வெசம் குடுக்க மாட்டான்’னா. ‘இருடி, ரிசல்ட்டு வரட்டும்’னேன். அவ நல்லதுக்குத்தான?

அப்புறம் நானே எறங்கிட்டேன். நம்ம முறைப்படி. டிஏபி ஒரம்னா உள்ளங்கையில நாலு மணி எடுத்து வெத்தலைச் சுண்ணாம்பு தடவிக் கசக்கணும். நெடி மூக்கைத் தூக்கினா நல்ல சரக்கு. இதைக் கசக்கினேன். ஒரு நெடியும் இல்ல. லேசா வெண்ணிலா வாசனை வந்துச்சி, அவ்ளோதான். யூரியான்னா காஞ்ச தோசைக்கல்லுல போட்டா கரைஞ்சி காணாமப் போயிடணும், மிச்சம் இருந்தா கலப்படம். இதைப் போட்டேன். கருகுது! முடி எரிஞ்ச நாத்தம்! வூடே நாறிப்போச்சி. லூர்து ஓடியாந்து கல்லைத் தூக்கி வெளிய வீசிட்டா, தோசைக்கல்லு போச்சேன்னு. கலையரசி வந்து மோந்து பாத்துட்டு, ‘புரோட்டீன்னா அப்பிடித்தான் நாறும் பெரியப்பா, முடியும் புரோட்டீன்தான்’னு சொல்லுது. அப்ப நா சலூன்ல போயி முடியைக் கூட்டி அள்ளியாந்து குடுத்துடலாமே, பாண்டிக்கு எதுக்குப் போவணும்?

அது ஒண்ணு சொல்லுச்சி, புண்ணுக்குப் போடுற அயோடின் ஒரு சொட்டு வுட்டா, மாவு கலந்திருந்தா நீலமாயிடும்னு. வுட்டேன். நீலமாவல. மஞ்சளாவே நின்னுது. அதோட வுட்டுட முடியுமா? அயோடினே போலியா இருந்தா? சோத்துல ஒரு சொட்டு வுட்டுப் பாத்தேன். கருநீலமா ஆயிடுச்சி. அயோடின் நல்லதுதான். ஆனா அது மேலாக்க எடுத்த பவுடரு. மேல நல்லதைப் போட்டு அடியில கலக்கறதுதான காலங்காலமா நடக்குது? மூட்டைன்னா குத்தூசி இருக்கும் எங்ககிட்ட. உள்ள ஓட்டையா கூரா இருக்கும், குத்தினா அடிமூட்டை சரக்கு வரும். டின்னுக்கு ஏது குத்தூசி? பேப்பரை விரிச்சி மொத்தத்தையும் கொட்டிட்டேன்.

கொட்டினப்புறம் முறை ஒண்ணு இருக்குது. ஒரம் இன்ஸ்பெக்டரு வந்தா எப்பிடிப் பண்ணுவாரு? நல்லா கலக்கி, வட்டமா பரப்பி, நாலு பாகம் பண்ணி, எதிரெதிர் ரெண்டை ஒதுக்கிடுவாரு. மீதியில மூணு மாதிரி எடுத்து சீலு வப்பாரு. ஒண்ணு லேபுக்கு, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு கடைக்காரனுக்கு. நாளைக்கு நீ மாத்திட்டேன்னு ஒர்த்தரை ஒர்த்தரு சொல்லக்கூடாது பாருங்க. நானும் மூணு பொட்டலம் கட்டினேன். கோயில்ல மிச்சமான மெழுகுவத்தியை உருக்கி சீலு வச்சேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு விழுப்புரத்துல சாப்பாட்டுக் கலப்படம் பாக்குற ஆபீசுக்கு. இன்னொண்ணு ஞாயப்படி அலெக்ஸுக்குத்தான சேரணும்? தெருவுல ஒரு பையன் கூட்டேரிப்பட்டு பக்கம் டூட்டிக்குப் போறான், அவன்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன். அலெக்ஸ் வாங்கிக்கினானாம். அப்பிடியே அவன் பஞ்சர் கடை சுவத்துல ஆணியில மாட்டியிருக்கானாம். பாத்துக்கட்டுமே, எனக்கென்னா?

விழுப்புரத்துல அந்த ஆபீசரு மரியாதையாத்தான் பேசினாரு. ‘பெரியவரே, பிரிச்ச டின்னுல எடுத்ததை நாங்க வாங்க முடியாது, பிரிக்காம கொண்டாந்தா பாக்கலாம்’னாரு. பிரிக்காம உள்ள இருக்கறதை எனக்கு எப்பிடித் தெரியும்? ‘அதுக்குத்தாங்க நாங்க இருக்கோம்’னு சொல்றாரு. நல்ல மனுசன்தான். டீ வாங்கிக் குடுத்தாரு. டீயும் கொஞ்சம் தண்ணி.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், உங்க மனசோட இருக்கட்டும். கிட்ட வாங்க. அவளுக்குத் தெரியாது. நா மெதுவாத்தான் பேசுறேன்… கண்டக்டரு ஏன் சிரிக்கிறாரு?

மனுசனுக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு சீவனுக்குக் குடுத்துப் பாக்கணும்ல. ஜெயம் வூட்டுக் கோழி ஒண்ணு, செவப்பு, நோஞ்சான், கழுத்துல மயிரே கெடையாது. அதைத் தெனம் பிடிச்சி வச்சிக்கினு குடுத்தேன். பூச்சிமருந்துன்னா ஒடனே தெரியும். சத்து மெல்லத்தான தெரியும்? அதனால விடாம குடுத்தேன். டின்னு மேல போட்டிருந்த அளவுதான், காலையில ஒரு ஸ்பூன், ராவுல ஒரு ஸ்பூன். டாக்டரம்மா சொன்ன மாதிரி பாலுல கலந்து. மொதல்ல கொத்தல. அப்பால பழகிடுச்சி. நா தெரு மொனையில வர்றப்பவே ஓடியாருது.

தம்பி, நீங்க நம்ப மாட்டீங்க. அந்தக் கோழி கழுத்து பூரா மயிரு மொளைச்சி, நெஞ்சு இப்பிடி அகலமா ஆயிடுச்சி. கையில தூக்கினா கனக்குது. முட்டை போடுது பாருங்க, வாத்து முட்டை கணக்கா. ஜெயம் என்னா தீனி போடறேன்னே தெரியலயேன்னு அல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியிது. நா வாயைத் தொறக்கல. ஆனா எனக்குத் தெரிஞ்சிப் போச்சி. சரக்கு நல்ல சரக்கு. பவுடரு ஒரிஜினல்தான். சுத்தமான ஒரிஜினல். அலெக்ஸ் பாண்டியில பாத்துதான் வாங்கியிருக்கான், அதை நா மறுக்கல.

அப்பவே லூர்துக்குக் குடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. எதைக் குடுக்கறது? தோசைக்கல்லுல கொஞ்சம், சுண்ணாம்புல கொஞ்சம், ஒதுக்கின ரெண்டு பாகத்துல எறும்பு புடிச்சிக்கிச்சி, மூணு பொட்டலம், மிச்சமெல்லாம் கோழி. ஆபீசரு வாங்காத பொட்டலமும் என் பொட்டலமும் சேத்து கடைசி வாரம் கோழிக்கே போட்டுட்டேன், நடுவுல நிறுத்தினா கணக்குத் தப்பிடும்னு.

அவகிட்ட எப்பிடிச் சொல்றது? ஊரு பூரா டூப்ளிகேட்டுன்னு சொல்லியாச்சி. இப்ப போயி ஒரிஜினல்னா, அலெக்ஸ் காலர் தூக்கிக்குவான். அதனால நா ஒண்ணும் சொல்லல. வேற டின்னு வாங்கலாம்னுதான் நெனச்சேன். எந்தக் கடையில வாங்கறது, எது நம்பிக்கையான கடைன்னு விசாரிச்சிக்கினு இருந்தேன். அதுக்குள்ள தேதி வந்துருச்சி. அவ எடை மிஷின்ல ஏறி நிக்கிறா, முள்ளு போன மாசம் நின்ன எடத்துக்கும் கீழ நிக்கிது. டாக்டரம்மா கேக்குறா, ‘பவுடரு குடுத்தீங்களா?’ உள்ளதைச் சொன்னேன். ‘இன்னும் சோதனையில இருக்குதும்மா.’ பேனாவைக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தா. ‘இன்னொரு மாசம் ரத்தம் போச்சின்னா அதுக்கப்புறம் நீங்க யாரை சோதிக்கப் போறீங்க?’ன்னா. படிச்சவங்க பேசுற பேச்சா அது?

ஏன் முன்னாடி பாக்கறீங்க? அவ தூங்குறா. தூங்கலியா? திரும்பியா பாக்குறா? எவ்ளோ நேரமா? நா மெதுவாத்தான பேசினேன்… லூர்து, என்னாடி? ஒண்ணுமில்ல, தம்பிகிட்ட சும்மா பேசிக்கினு இருக்கேன். ஊருக் கதை.

கூட்டேரிப்பட்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? அதோ, ரோட்டோரம் டயரா அடுக்கி வச்சிருக்குதே, பஞ்சர் கடை, அதான் அலெக்ஸோடது. வூடும் பின்னாலயே. நா அந்தப் பக்கம் திரும்பறதில்ல.

என்னா எழுந்துட்டா… ஏ லூர்து! உக்காரு, நம்ம ஸ்டாப்பு திண்டிவனம்டி. கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காத, அந்தம்மா தூக்கக் கலக்கத்துல… ஏ லூர்து! படியைப் புடிச்சி எறங்கு, மயக்கம் வரும்… எறங்கிட்டாளே! துணிமூட்டை இங்க என்கிட்ட இருக்குது, வெறுங்கையோட போறா பாரு. ரோட்டைக் கூட பாக்காம குறுக்கால போறா. லாரி வருதுடி!

தாண்டிட்டாளா? நீங்க ஜன்னல்கிட்ட இருக்கீங்க, பாத்துச் சொல்லுங்க. யாரு, அவன் வெளிய வந்துட்டானா? ஸ்டூலு போடறானா? எண்ணெக் கையோட புடிக்கிறானா அவளை? அழுவறாளா? … அழுவட்டும். வேணி என்னாத்தையோ டம்ளர்ல எடுத்தாருதா? என்னா கலரு? வெள்ளையா?

குடிக்கிறாளா?

அப்பிடியே குடிச்சிட்டாளா? ஒண்ணுமே கேக்காமலா?

வண்டியை எடுத்துட்டானே… தம்பி, கொஞ்சம் எழுந்திருங்க. மூட்டையைக் கொஞ்சம் தூக்கித் தோள்ல வையுங்க, பிளாஸ்க்கு பத்திரம். கண்டக்டரு, இந்த வண்டி அடுத்தது எங்க நிக்கும்? அங்கயே நிறுத்துங்க, நடந்து வந்துக்கிறேன். அவளுக்காக ஒண்ணும் இல்ல. அவன் எந்தக் கடையில வாங்கினான்னு யாராவது பாக்கணும்ல.